சென்னையில் வார இறுதிப் பொழுதுபோக்காக நிட்டிங் கற்றுக்கொள்ள வகுப்புக்குப் போகலாமா, யூடியூப் போதுமா?

போங்கள். வார இறுதியில் பொழுதுபோக்காகக் கற்கத்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் நீளமான சான்றிதழ் கோர்ஸ் எல்லாம் வேண்டாம், ஆனால் முதல் மாதமாவது தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையைப் பார்க்க வேண்டும்.

நிட்டிங்கில் அடிப்படை இரண்டுதான்: நிட், பர்ல். போட்டிருக்கும் டீ-ஷர்ட்டை உற்றுப் பாருங்கள், வெளிப்பக்கம் குட்டிக் குட்டி 'வி' வரிசைகள், அது நிட்; உள்பக்கம் சின்ன மேடுகள், அது பர்ல். திருப்பூரில் மெஷின் போடுவதும் நாம் இரண்டு ஊசியில் போடுவதும் ஒரே பின்னல்தான். இதை வீடியோ பார்த்தே பிடித்துவிடலாம். சிக்கல் அதற்கப்புறம். 20 கண்ணியில் (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) ஆரம்பித்த துண்டு கொஞ்ச நேரத்தில் 26 கண்ணியாக அகன்று நிற்கும், ஏன் என்று புரியாது. பல நேரம் காரணம் இதுதான்: வரிசை முடிந்து ஊசியைத் திருப்பும்போது நூல் ஊசிக்கு மேலே ஏறிப் பின்பக்கம் போய்விடும், முதல் கண்ணி இரண்டாகத் தெரியும், நாமும் இரண்டிலும் பின்னிவிடுவோம். சொல்லிக்கொடுப்பவர் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார், வீடியோவுக்கு உங்கள் ஊசி தெரியாதே. கண்ணி நழுவிப் பல வரிசை கீழே இறங்கிவிட்டாலும் முழுவதையும் பிரிக்க வேண்டாம், நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிவிடலாம், அதையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் பயம் போய்விடும்.

வகுப்பில் சேரும் முன் ஒன்று கேளுங்கள், தப்பு வந்தால் நீங்களே சரிசெய்து தருவீர்களா, எங்களைச் செய்ய வைப்பீர்களா என்று. 'ஒரே மாதத்தில் பத்துப் பொருள்' என்று விளம்பரம் செய்யும் இடங்களில் கஷ்டமான பகுதியை டீச்சரே போட்டு முடித்துவிடுவார், போட்டோ அழகாக வரும், வீட்டுக்கு வந்தால் காஸ்ட் ஆன், அதாவது ஊசியில் முதல் வரிசைக் கண்ணிகளை ஏற்றுவது கூட மறந்திருக்கும். இடது கைக்காரராக இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாமான் அதிகம் வாங்காதீர்கள். வெளிர் நிறத்தில் 8 ப்ளை (நடுத்தரத் தடிமன்) அக்ரிலிக் நூல், 4 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடி, போதும். கறுப்பு நூல் மட்டும் வேண்டவே வேண்டாம், கண்ணியே தெரியாது. நம் கடைகளில் ஊசியைப் பழைய பிரிட்டிஷ் எண்ணில் கேட்பார்கள், அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர், எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க வீடியோக்களில் இது தலைகீழ், அவர்களுடைய 8 என்பது 5 மில்லிமீட்டர். அதனால் எப்போதும் மில்லிமீட்டரைப் பாருங்கள். (கடையில் கிடைக்கும் போனி பிராண்டு ஊசி எங்கிருந்தோ வருவதில்லை, நீலகிரியில் கேத்திப் பக்கம் செய்வதுதான்.) சென்னை வியர்வையில் நூல் அலுமினிய ஊசியில் ஒட்டிக்கொண்டு எரிச்சல் வரும், ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள்.

குழு என்று பார்த்தால் இங்கே குரோஷாக்காரர்கள்தான் அதிகம். 'மதர் இண்டியாஸ் குரோஷே க்வீன்ஸ்' குழு 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை செய்ததே, அந்த மாதிரி ஆட்கள். அவர்களோடு உட்காரத் தயங்காதீர்கள், நூல் எங்கே மலிவு, எந்தக் கடைக்காரர் மீதி நூலைத் திரும்ப எடுப்பார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். குரோஷா தெரிந்தவர்கள் நூலை இடது கையில் பிடித்துப் பழகியிருப்பார்கள், நிட்டிங்கையும் அப்படியே செய்யலாம், அதுவும் சரியான முறைதான், யாராவது தப்பு என்றால் கண்டுகொள்ளாதீர்கள்.

'இந்த வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர்?' என்று வீட்டில் கேட்பார்கள். ஸ்வெட்டரே போட வேண்டாம். குழந்தைத் தொப்பி, பருத்தி நூலில் பாத்திரம் துடைக்கும் துணி, பை என்று ஆரம்பியுங்கள். கை பழகியபின், மார்பகப் புற்றுநோய் அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு மென்மையான செயற்கை மார்பகம் பின்னி இலவசமாகத் தரும் நிட்டட் நாக்கர்ஸ் இந்தியா போன்ற தன்னார்வக் குழுக்களிலும் சேரலாம், எப்படிப் பின்னுவது என்ற குறிப்பை (பேட்டர்ன்) அவர்களே தருவார்கள்.