ஹிஞ்ச் நல்லதா, மவுண்ட் நல்லதா?

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்திருந்த அஞ்சல்தலைகளைப் புதிய ஆல்பத்துக்கு மாற்ற விரும்புகிறேன். முத்திரை விழுந்தவையும் பயன்படுத்தாதவையும் கலந்திருக்கின்றன. சிலவற்றின் பின்புறம் பழைய ஹிஞ்ச் (அஞ்சல்தலையை ஆல்பத்தில் ஒட்ட உதவும், பசை தடவிய சிறிய மடித்த தாள்) துண்டுகள் ஒட்டிக்கொண்டுள்ளன. எல்லாவற்றையும் ஹிஞ்ச் கொண்டே ஒட்டலாமா?

பதில்: முதலில் ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்; பின்புறப் பசையின் நிலைதான் இதை முடிவு செய்ய வேண்டும்.

முத்திரை விழுந்து, உறையிலிருந்து நீரில் ஊறவைத்துப் பிரித்தவற்றில் பசை இருக்காது என்பதால் அவற்றுக்கு ஹிஞ்ச் தாராளமாகப் போதும். ஹிஞ்சின் சிறிய மடிப்பை மட்டும் லேசாக ஈரப்படுத்தி, மேல்விளிம்புப் பற்களைத் தொடாமல் அவற்றுக்குச் சற்றுக் கீழே ஒட்டி, பெரிய மடிப்பை ஆல்பத் தாளில் பொருத்துங்கள். இடம் மாற்ற நேர்ந்தால், ஹிஞ்ச் முழுவதும் காய்ந்த பிறகே உரிக்க வேண்டும். ஈரத்தோடு இழுத்தால் அஞ்சல்தலையின் தாளும் சேர்ந்து உரிந்து, அந்த இடம் மெலிந்துவிடும்.

பயன்படுத்தாத அஞ்சல்தலையின் பசை இதுவரை தீண்டப்படாமல் இருந்தால், அதன்மீது ஹிஞ்ச் வைக்கவே வைக்காதீர்கள். ஹிஞ்ச் படாத பசைக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். ஒருமுறை ஒட்டிய தடத்தைப் பிறகு அழிக்க முடியாது. இவற்றுக்குத்தான் மவுண்ட், அதாவது அஞ்சல்தலையை உள்ளே செருகி, முதுகுப் பக்கத்தால் ஆல்பத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் உறை. அஞ்சல்தலையைவிடச் சற்றே பெரிதாக வெட்டி, மவுண்டின் முதுகைக் குறைவாக நனைத்து, ஈரம் உட்புறம் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பின்னணி கொண்டதில் விளிம்புப் பற்கள் எடுப்பாகத் தெரியும் என்பதால் என் விருப்பம் அதுவே. ஆனால் பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனவற்றைத் தவிர்க்க வேண்டும். அதில் சேர்க்கப்படும் மென்மையூட்டும் பொருள் காலப்போக்கில் கசிந்து அஞ்சல்தலையைக் கெடுக்கும். (செலோடேப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதன் பழுப்புக் கறை போகவே போகாது.)

பழைய ஹிஞ்ச் துண்டுகளைப் பொறுத்தவரை, முத்திரை விழுந்தவற்றில் இருப்பவை, மை கரையாத வகையாக இருந்தால், நீரில் ஊறித் தாமாகக் கழன்றுவிடும். பயன்படுத்தாதவற்றில் உள்ள துண்டுகளைச் சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஹிஞ்ச் பட்டவை என்பதால் அவற்றை மீண்டும் ஹிஞ்ச் கொண்டே ஒட்டலாம், விலையுயர்ந்த மவுண்ட் வாங்கினாலும் போன மதிப்பு திரும்பாது.

எதை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லையென்றால், அதுவரை ஸ்டாக் புக்கின் (அஞ்சல்தலைகளை ஒட்டாமல் வைக்கும் ஏட்டின்) பட்டைகளுக்குள் செருகி வையுங்கள். ஆல்பத்தைப் படுக்கவைத்து அடுக்காமல் நிற்கவைத்தால், மேலிருந்து வரும் எடையில் பசை தாளோடு ஒட்டிக்கொள்ளாது.