ஸ்டார்ட்அப் போட்டியில் ஃபைனலுக்கு வந்த மகள் பிளேஸ்மென்ட் வேண்டாம் என்கிறாள்: ஈரோட்டு அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

மூன்றாம் வருஷம் இ.சி.இ. படிக்கும் உங்கள் மகளும் அவளுடைய மூன்று நண்பர்களும் மஞ்சளின் ஈரப்பதத்தைப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்து, மாணவர்களுக்கான ஸ்டார்ட்அப் போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்திருக்கிறார்கள். அதற்கு முதலில் மனசார வாழ்த்து. ஆனால் "ஜெயிச்சா கம்பெனி ஆரம்பிக்கிறேன், பிளேஸ்மென்டுக்கு உட்கார மாட்டேன்" என்று அவள் சொன்ன நாளிலிருந்து உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான். கம்பெனி ஆரம்பிக்கலாமா, கூடாதா என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். எனக்கு இடிப்பது அந்த "ஜெயிச்சா" தான். மூன்று, நான்கு நடுவர்கள் ஒரு மத்தியான நேரத்தில் போடும் மார்க்கை நம்பி, வேலைக்குப் போவதா தொழிலுக்குப் போவதா என்ற பெரிய முடிவை எடுக்கவே கூடாது. ஜெயித்தாலும் கூடாது, தோற்றாலும் கூடாது.

இறுதிச் சுற்றில் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒவ்வொரு அணிக்கும் சில நிமிஷம் பேச நேரம், அப்புறம் கேள்விகள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் முதலீட்டாளராக இருப்பார், ஒருவர் பேராசிரியராக இருப்பார், ஒருவர் ஸ்பான்சர் கம்பெனியிலிருந்து வந்திருப்பார். மஞ்சள் மண்டிக்குள் காலெடுத்து வைத்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். அன்றைக்கு எதிரில் நிற்பது மருத்துவக் கருவியா, செயற்கை நுண்ணறிவா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். நல்ல நடுவர்கள் நல்ல கேள்வி கேட்பார்கள், அதுதான் இந்த மேடையில் கிடைக்கும் உண்மையான பரிசு. மற்றபடி முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம், கருவி சந்தையில் விற்குமா விற்காதா என்பதைச் சொல்லாது.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 1998-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 50,000 டாலர் பரிசுக்கான மாணவர் தொழில் போட்டி நடந்தது. சுமார் 100 அணிகளில் 6 அணிகள் இறுதிக்கு வந்தன. அதில் ஒன்று, டாம் லெய்டன் என்ற கணிதப் பேராசிரியரும் டேனியல் லெவின் என்ற ஆராய்ச்சி மாணவரும் எடுத்து வந்த யோசனை. இணையத்தில் ஒரே நேரத்தில் கூட்டம் மொய்க்கும்போது பக்கங்கள் திணறாமல் திறக்க வழி செய்வதுதான் அது. அவர்கள் ஜெயிக்கவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் கம்பெனியைப் பதிவு செய்தார்கள், 1999-ல் சேவையைத் தொடங்கினார்கள், தொடக்க காலத்திலேயே யாஹூ அவர்களுடைய வாடிக்கையாளர், அதே 1999-ல் பங்குச் சந்தைக்கும் வந்தார்கள். அதுதான் அகமாய் நிறுவனம். ஃபைனலுக்கு வந்தவர்கள் எல்லாரும் அகமாய் ஆகிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களிடம் பல வருஷக் கணித ஆராய்ச்சி இருந்தது, அந்தத் தொல்லையால் தவித்துக்கொண்டிருந்த இணையதளங்கள் வெளியே இருந்தன. கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது அந்த இரண்டும்தான். போட்டி முடிவு எப்படி இருந்திருந்தாலும் இதில் பெரிய மாற்றம் இருந்திருக்காது.

ஆகவே உங்கள் மகளிடம் "ஜெயிச்சா என்ன பண்ணுவே" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இதை யார் காசு கொடுத்து வாங்குவாங்க" என்று கேளுங்கள். இனி வருவதை அவளிடமே படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

கண்ணு, நீ செய்திருக்கும் கருவிக்குத் தேவை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேகவைத்துக் களத்தில் காயப்போட்ட மஞ்சள் நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று இன்றைக்கும் விரலியை, அதாவது விரல் மாதிரி நீண்ட மஞ்சளை, ஒடித்து, அது எழுப்பும் சத்தத்தைக் கேட்டுத்தான் நிறையப் பேர் சொல்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி முழு மஞ்சளில் ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒடித்துப் பார்க்கும் கைக்கு 11-க்கும் 13-க்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம், அந்த வித்தியாசத்தில்தான் பூஞ்சையும் விலை குறைப்பும் வருகின்றன. சரி. ஆனால் உன் ஸ்லைடில் "எங்கள் வாடிக்கையாளர் விவசாயி" என்று போட்டிருப்பதாக அம்மா எழுதியிருக்கிறார். விவசாயிக்கு மஞ்சள் வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை. அறுவடை, வேகவைப்பு, காயவைப்பு எல்லாம் சில வாரங்களில் முடிந்துவிடும். அந்தச் சில வாரத்துக்காக அவர் ஏன் ஒரு கருவியை விலை கொடுத்து வாங்கி, மிச்ச மாதமெல்லாம் பரணில் வைக்க வேண்டும்? கிடங்கு வைத்திருப்பவர், ஏற்றுமதி செய்பவர், மஞ்சள் தூள் கம்பெனிக்குக் கொள்முதல் செய்பவர், இவர்களுக்கு அது அன்றாட வேலை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று வாங்கி உறுப்பினர்களுக்குப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். யாரிடம் விற்கிறாய் என்பதைப் பொறுத்து விலை மாறும், கருவியின் வடிவம்கூட மாறும்.

ஃபைனலுக்கு இருக்கும் நாட்களில் ஸ்லைடின் கலரை மாற்றிக்கொண்டு இருக்காதே. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏலம் நடக்கும் நேரத்தில் போ. ஈரோட்டிலும் இருக்கிறது, பெருந்துறையிலும் இருக்கிறது. கருவியைக் கையில் எடுத்துக்கொள், பேச்சைக் குறைத்துக்கொள். வியாபாரிகள் மூட்டையில் எங்கிருந்து மாதிரி எடுக்கிறார்கள், எத்தனை மூட்டைக்கு ஒரு மாதிரி, அதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று பார். அவர்கள் ஒரு கைப்பிடியை அள்ளிப் பார்த்துவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுகிற இடத்தில், உன் கருவி ஒரு மாதிரிக்கு 2 நிமிஷம் எடுத்தால் அது அங்கே செல்லாது. விரலியில் ஒரு அளவும் உருண்டையான கிழங்கில் வேறு அளவும் காட்டுகிறதா? மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் கிழங்கில் என்ன காட்டுகிறது? இதையெல்லாம் அங்கே நின்று எழுதிக்கொண்டு வா. அப்புறம் இரண்டு பேரிடமாவது, "ஒரு மாசம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கிறீங்களா, இவ்வளவு ஆகும்" என்று கேள். "ரொம்ப நல்லாருக்கு பாப்பா" என்ற பாராட்டு கணக்கில் சேராது. கொஞ்சமே ஆனாலும் காசு கொடுக்கிறேன் என்று சொன்னவர் ஒருவர் இருந்தால், அதைத் தூக்கி முதல் ஸ்லைடில் வை. யாருமே கொடுக்கவில்லை என்றால், ஏன் என்று அவர்கள் சொன்ன காரணத்தை அப்படியே மேடையில் சொல்லி, என்ன மாற்றப் போகிறோம் என்றும் சொல். நல்ல நடுவருக்கு அந்த நேர்மையின் மதிப்பு தெரியும்.

இன்னொன்று. வியாபாரத்தில் பயன்படும் எடைக்கும் அளவுக்கும் 2009-ம் வருஷத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதைப் பார்த்துக்கொள்கிறது. உன் கருவி காட்டும் எண்ணை வைத்து விலை பேசினால் முத்திரை, சரிபார்ப்பு ஏதாவது தேவையா என்று அந்த அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு வா. ஃபைனலில் இந்தக் கேள்வி வரலாம். வராவிட்டாலும் பின்னால் உனக்குத் தேவைப்படும்.

இப்போது அவசரமான விஷயம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்காமல் அந்தக் கருவியின் உள்வேலையை மேடையில் விளக்காதே. பொதுவெளியில் வெளியிட்டுவிட்டால் அதன் "புதுமை" போய்விடும். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் ஒரு வருஷ அவகாசம் உண்டு. நம் சட்டத்தில் 12 மாத அவகாசம் அரசு அறிவித்த கண்காட்சி மாதிரியான சில இடங்களுக்கு மட்டும்தான், கல்லூரிப் போட்டி மேடையை நம்பி அந்தச் சலுகையை எதிர்பார்க்காதே. முதலில் தற்காலிக விண்ணப்பம் போடலாம், தனிநபர் ஆன்லைனில் போட்டால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். முந்தைய சுற்றுக்கு அனுப்பிய வீடியோவைப் போட்டியை நடத்துபவர்கள் யூடியூபில் போட்டுவிட்டார்களா என்றும் பார். கல்லூரியில் காப்புரிமைப் பிரிவு இருந்தால் அவர்களிடம் போ. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், விண்ணப்பதாரர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று படித்துப் பார்.

ஏன் சொல்கிறேன் என்றால், தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யும் மத்திய அரசும் 2019-ல் மாணவர், ஆசிரியர் ஸ்டார்ட்அப்களுக்கான ஒரு கொள்கையை வெளியிட்டன. கல்லூரியின் வசதிகளையும் பணத்தையும் கணிசமாகப் பயன்படுத்தியோ பாடத்திட்டத்தின் பகுதியாகவோ உருவானது என்றால், உரிமை கண்டுபிடித்தவருக்கும் கல்லூரிக்கும் கூட்டாகச் சேரும் என்கிறது அது. கல்லூரி தரும் வசதிகளுக்கு ஈடாக 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுக்கலாம் என்றும் இருக்கிறது. அதே கொள்கையில் உனக்குச் சாதகமானதும் நிறைய உண்டு. ஸ்டார்ட்அப் வேலைக்காக ஒரு செமஸ்டரோ ஒரு வருஷமோ இடைவெளி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து படிப்பை முடிக்கலாம், முன் அனுமதியோடு வருகைப் பதிவில் தளர்வு பெறலாம். இது வழிகாட்டுதல்தான், ஒவ்வொரு கல்லூரியும் தன் அளவில் ஏற்று நடத்த வேண்டும், அதனால் உங்கள் கல்லூரியில் இதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கு.

நண்பர்கள் நான்கு பேருக்குள் பங்கு பேசியாச்சா? பரிசு கைக்கு வந்த பிறகு பேசினால் மனஸ்தாபம் வரும், இப்போதே பேசிவிடுங்கள். நான்கில் ஒருவர் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விடுவார் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். பங்கு ஒரே நாளில் முழுதாகக் கைக்கு வராமல், வேலை செய்யச் செய்ய நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படி வைத்துக்கொள்வது வழக்கம். போகிறவர் மேல் யாருக்கும் கோபம் வராது.

அம்மா, மறுபடி உங்களிடம் வருகிறேன். பிளேஸ்மென்டுக்கு அவள் பெயர் கொடுக்கட்டும். அவளுடைய யோசனை மேல் நம்பிக்கை இல்லை என்று இதற்கு அர்த்தம் ஆகாது. இறுதியாண்டு தொடக்கத்தில் ஒரு வேலை கையில் இருந்தால், சேர்வதற்கு முன்னால் பல மாதம் கிடைக்கும். அந்த மாதங்களில் எத்தனை பேர் காசு கொடுத்துக் கருவியை எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவளே முடிவு செய்யட்டும். எத்தனை பேர் என்ற எண்ணை இப்போதே, ஃபைனலுக்கு முன்னாலேயே, நீங்களும் அவளும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் நீங்கள் தடை சொல்லக்கூடாது, தொடவில்லை என்றால் அவள் வேலையில் சேர்ந்துவிட்டு ஓய்வு நேரத்தில் தொடரட்டும். இன்டர்வியூவிலும் இந்த ஃபைனல் கை கொடுக்கும். "இறுதிச் சுற்றுக்கு வந்தோம்" என்ற ஒற்றை வரியாக இல்லாமல், மண்டியில் என்ன பார்த்தாள், அதனால் கருவியில் எதை மாற்றினாள் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அரியர் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், பல கம்பெனிகள் அதைக் காட்டியே வாசலில் நிறுத்திவிடும்.

பணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டாம், கடனும் வாங்க வேண்டாம். முதல் மாதிரிக் கருவி செய்யும் கட்டத்துக்கென்றே மத்திய அரசின் நிதி பிரயாஸ் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு, புதுத் தொழில்களுக்குக் கைகொடுத்து வளர்க்கும் தேர்ந்தெடுத்த காப்பகங்கள் (இன்குபேட்டர்) வழியாகக் கொடுக்கிறார்கள். கம்பெனியாகப் பதிவு செய்த பிறகு, தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் என்ற திட்டம் இருக்கிறது, அங்கே சிறு பங்கு எடுத்துக்கொண்டு ஆரம்ப நிதி தருகிறார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியில் ஒரு தொழில்நுட்ப வணிகக் காப்பகம் செயல்படுகிறது, வேறு கல்லூரி மாணவி என்று தயங்காமல் போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, போட்டியின் விதிமுறைத் தாளை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். பரிசு முழுக்கப் பணமா, அல்லது அதில் பாதி கிளவுட் கிரெடிட்டும் (இணையக் கணினிச் சேவைக்கு மட்டும் செல்லும் தொகை) பயிற்சி வகுப்புமா? பணம் ஒரே தவணையிலா? கம்பெனி பதிவு செய்தால்தான் தருவார்களா? பதிலுக்குப் பங்கு கேட்கிறார்களா, யோசனையைப் பயன்படுத்தும் உரிமையைக் கேட்கிறார்களா? புரியாத வரி இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆனால் அதற்காகக் காத்திருக்காமல், காப்புரிமை விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடச் சொல்லுங்கள்.