சர்வீஸுக்குப் பின் மைலேஜ் குறைந்ததா? இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்

கேள்வி: என்னுடையது 125 சிசி வண்டி, ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், பின்னால் டிரம் பிரேக். 32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 58 கொடுத்துக்கொண்டிருந்தது, கடைசி சர்வீஸுக்குப் பிறகு 46-ஐத் தாண்டவில்லை. அந்தச் சர்வீஸில் ஆயில் மாற்றி, செயின் டைட் செய்தார்கள். பின் டயரையும் அகலமாக மாற்றினேன்: 80/100-18 இருந்தது, இப்போது 100/90-18. இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அதிலும் சரியாகாவிட்டால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இன்னொருவர் பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் போதும் என்கிறார். பெரிதாக எதையும் மாற்றாமல் பழைய மைலேஜ் கிடைக்குமா?

பதில்: பெரும்பகுதி கிடைக்கும். சர்வீஸுக்கு முன்பு 58, பின்பு 46 என்றால் சர்வீஸில் கை வைத்த இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் ஒரே நாளில் அடைத்துக்கொள்வதில்லை, பிஸ்டன் ரிங் ஒரே நாளில் தேய்வதில்லை. ஆனால் ஒரு நட்டை ஒரு சுற்று அதிகமாகத் திருகினால் அன்றைக்கே மைலேஜ் விழும். உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவருமே அந்த நட்டைப் பற்றிப் பேசவில்லை. அதில் அவர்களுக்கு வருமானம் இல்லை.

முதலில் கணக்கைச் சரிசெய்வோம். மீட்டரில் காட்டும் சராசரியை வைத்து 46 என்று சொல்கிறீர்களா? அது கம்ப்யூட்டரின் மதிப்பீடு, அளவு அல்ல. வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பம்ப் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்புங்கள். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றச் சொல்லாதீர்கள். கழுத்துவரை ஊற்றினால் பெட்ரோல், ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் இறங்கி அதைக் கெடுக்கும். பிறகு குறைந்தது 200 கிலோமீட்டர் ஓட்டி, முடிந்தால் அதே பம்பில், அதே மாதிரி நிரப்புங்கள். 240 கிலோமீட்டருக்கு 5.2 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 46.15. ஒரு லிட்டர் ஊற்றி வண்டி நிற்கும்வரை ஓட்டிப் பார்க்கும் முறையில் தவறு அதிகம், இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அது கெடுதலும்கூட. டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலிலேயே குளிர்கிறது. அதைக் காய விடக்கூடாது.

அடுத்து உங்கள் டயர். 80/100-18 டயரின் விட்டம் சுமார் 617 மில்லிமீட்டர், 100/90-18 டயரின் விட்டம் சுமார் 637. அதாவது சக்கரம் 3.2 சதவீதம் பெரிதாகிவிட்டது. வண்டி ஓடிய தூரத்தை எண்ணும் சென்சார் இன்ஜினில், செயின் ஸ்ப்ராக்கெட் பக்கம் இருந்தால், அது பின் சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. சக்கரம் பெரிதானது அதற்குத் தெரியாது. நீங்கள் உண்மையில் 103.2 கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள், மீட்டர் 100 என்று காட்டும். அப்படியானால் உங்கள் 46 உண்மையில் 47.5. ஒன்றரை கிலோமீட்டர் காணாமலே போகவில்லை, கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். சென்சார் முன் சக்கரத்தில் இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை, 46 என்பது 46-தான். எது என்று தெரியாவிட்டால் போனில் ஜிபிஎஸ் வைத்து, வளைவு குறைந்த சாலையில் 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மீட்டர் 19.4-ஐ ஒட்டி நின்றால் சென்சார் பின்பக்கம். ஒன்று, புது டயர் போடுவதற்கு முன்பே சில மீட்டர்கள் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டியிருக்கும். ஆகவே ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு வரும் வித்தியாசத்தை இனி ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயரை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனாலும் அந்த டயர் வேண்டாத வேலை. எடை கூடியிருக்கிறது, தரையில் உரசும் பரப்பு கூடியிருக்கிறது, கியர் விகிதமும் 3 சதவீதம் உயர்ந்து வண்டி இழுவை குறைந்திருக்கும். பழைய ரிம் அந்த அகலத்துக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. அடுத்த முறை மாற்றும்போது கம்பெனி அளவுக்கே திரும்புங்கள். அதுவரை காற்றையாவது ஒழுங்காக வையுங்கள். ஸ்விங்ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டம்) செயின் கவரிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். இந்த ரக வண்டிகளுக்குப் பெரும்பாலும் முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 28-ஐ ஒட்டி, பின்னால் ஆள் ஏறினால் அதற்கு மேல். டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்திருக்கும். சொந்தமாக ஒரு கேஜ் வைத்திருங்கள். காற்றடிக்கும் இடத்து மீட்டர்களில் பாதி பொய் சொல்லும்.

இப்போது உண்மையான சந்தேகத்துக்கு வருவோம். செயினை எப்படி டைட் செய்வார்கள்? பின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் திருகி, சக்கரத்தையே பின்னால் இழுப்பார்கள். சக்கரம் பின்னால் போனால் டிரம் பிரேக்கின் கம்பியும் இழுபடும். பிரேக் கம்பியின் ஒரு முனை பெடலில், மறுமுனை டிரம்மின் கையில், அதாவது ஷூவை விரிக்கும் சின்ன லீவரில். கம்பியின் நீளம் மாறவில்லை, டிரம் மட்டும் பின்னால் நகர்ந்தால் என்ன ஆகும்? பிரேக் கை முன்னால் இழுக்கப்பட்டு, ஷூ டிரம்மில் உரசத் தொடங்கும். நீங்கள் பெடலை மிதிக்காமலேயே பாதி பிரேக் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறீர்கள். செயினைத் தொட்டால் பிரேக்கையும் திரும்ப வைக்க வேண்டும் என்பது எல்லா சர்வீஸ் புத்தகத்திலும் இருக்கிறது. ஜாப் கார்டில் "செயின் அட்ஜஸ்ட்" என்று டிக் அடிப்பவர்களுக்கு அது அடுத்த வரி. அதைப் படிப்பவர் குறைவு.

வீட்டிலேயே சோதிக்கலாம். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். எவ்வளவு சுற்றுகிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் கம்பியின் நுனியில் உள்ள நட்டை நான்கைந்து சுற்று தளர்த்துங்கள். இப்போது அதே பலத்தில் சுழற்றினால் கணிசமாக அதிகம் சுற்றுகிறதா? திருடன் அகப்பட்டான். நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டைட் செய்து, பெடலின் நுனி 20 முதல் 30 மில்லிமீட்டர் இறங்கிய பிறகு ஷூ பிடிக்கும்படி வையுங்கள். நட்டின் வளைந்த பள்ளம் பிரேக் கையில் உள்ள உருளைக் கம்பியின் மேல் சரியாக உட்கார வேண்டும், இடையில் நின்றால் ஓடும்போது அது தானாக உட்கார்ந்து அளவு மாறிவிடும். கடைசியாக பிரேக் லைட்டைப் பாருங்கள். பெடலைத் தொடாமலே எரிந்தால் அதன் சுவிட்சையும் சரிசெய்து வைக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது, பின் பிரேக்கைத் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் போய், முன் பிரேக்கால் நிறுத்தி, டிரம் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். சூடு அடித்தால் இன்னும் உரசுகிறது. நேரடியாகத் தொட வேண்டாம்.

செயினின் தொய்வையும் அப்போதே அளக்கலாம். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் அசைய வேண்டும். உங்கள் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எந்த இடத்தில் மிக டைட்டாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்காது. "கொஞ்சம் டைட்டாகவே வைத்தேன், சீக்கிரம் லூஸ் ஆகாது" என்று சொல்பவரிடம் வண்டியைத் திரும்ப விடாதீர்கள். இரண்டு பேர் ஏறியதும் ஸ்விங்ஆர்ம் மேலே போய், செயின் இன்னும் இறுகும். கியர்பாக்ஸ் பேரிங்கும் சக்கர பேரிங்கும் அதைச் சுமக்கும். இரு பக்க அட்ஜஸ்டர் கோடுகளும் ஒரே எண்ணில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சக்கரம் கோணலாக நின்றாலும் செயின் இழுத்துக்கொண்டே ஓடும். மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்த பிறகு 90 கிரேடு கியர் ஆயில் விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை போதும், மழையில் நனைந்தால் உடனே.

ஆயில். சர்வீஸ் பில்லை எடுத்து கிரேடைப் பாருங்கள். உங்கள் வண்டிப் புத்தகம் 10டபிள்யூ-30 என்று சொல்லியிருக்க, "வண்டி பழசாயிடுச்சு" என்று 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால், இன்ஜின் அந்தக் கெட்டியைக் கலக்கிக்கொண்டே ஓடும். 32,000 கிலோமீட்டர் ஒன்றும் பழசு இல்லை. அளவையும் பாருங்கள். பல 125 சிசி இன்ஜின்களுக்கு வடித்து ஊற்ற 800 முதல் 1,000 மில்லி வரைதான் தேவை. பாட்டிலில் இருக்கிறதே என்று முழுவதையும் கவிழ்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. சமதரையில், மெயின் ஸ்டாண்டில், ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கைத் துடைத்து, பெரும்பாலான வண்டிகளில் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் வடித்துவிடுங்கள். கார் ஆயிலை ஊற்றியிருந்தால் அதையும் வடியுங்கள். அதில் உள்ள வழுக்கும் சேர்க்கைகள், ஆயிலில் ஊறி நிற்கும் உங்கள் கிளட்ச் பிளேட்டை நழுவ வைக்கும். ஆயிலில் ஊறும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரக் குறியீடான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 பாட்டிலில் இருக்க வேண்டும்.

கிளட்ச் லீவரில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் உங்களிடம் பணம் பிடுங்க வருவார்கள். கார்புரேட்டர் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாக இழுக்கும், மைலேஜ் விழும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் கலவையைச் சரிசெய்துகொண்டே இருப்பதால் முதலில் இழுவைதான் குறையும். ஆகவே கெடு வந்தால் மாற்றுங்கள், மைலேஜுக்காக மாற்ற வேண்டாம். பிசுபிசுப்பான எண்ணெய் தடவிய காகித ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய விடாதீர்கள், கழுவவும் விடாதீர்கள். அது மாற்றுவதற்கு மட்டுமே.

இனி காந்தம். பெட்ரோல் காந்தத்துக்கு வசப்படும் பொருள் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் சேர்க்கைகளையும் பரிசீலித்தது. சொல்லிக்கொள்ளும்படி பலன் தந்தவை மிகச் சில. டேங்கில் போடும் மாத்திரை, ஹைட்ரஜன் டப்பா, எல்லாம் இதே குடும்பம். இவற்றைவிட ஆபத்தானது, சென்சார் வயரில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி "ட்யூனிங்" என்று விற்பது. அது சென்சாருக்குப் பொய்க் கணக்கு கொடுத்து, இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலைக் குறைக்கும். முதல் வாரம் மைலேஜ் ஏறினாற்போல் இருக்கும். பிறகு இன்ஜின் சூடேறி, இழுவை போய், நீங்களே ஆக்சிலேட்டரைக் கூடுதலாக முறுக்கத் தொடங்குவீர்கள். விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு ஓட்டுகிறீர்களா? நிறுத்துங்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலிங் ஓட பெட்ரோல் செலவாகும், இன்ஜின் பிரேக்கும் இருக்காது. வேகத்தைப் பொறுத்தவரை, 60-இலிருந்து 80-க்குப் போனால் எதிர்க்காற்றின் இழுப்பு 1.78 மடங்காகிறது. இதற்கு எந்த மெக்கானிக்கும் மருந்து வைத்திருக்கவில்லை.

பெட்ரோலில் எத்தனால் கலப்பு கூடியிருந்தால் அதுவும் உங்கள் கணக்கில் வரும். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். கலப்பு 10 சதவீதத்திலிருந்து 20 ஆனால் லிட்டருக்கு மூன்றரை சதவீத ஆற்றல் குறையும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில், உருளை மேல் ஓட்டிக் கிடைத்த எண். உங்கள் எதிர்க்காற்றும் உங்கள் பம்பின் கலவையும் அதில் இல்லை. அந்த எண்ணோடு ஒப்பிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள், உங்கள் பழைய 58-ஓடு ஒப்பிடுங்கள்.

பிரேக், செயின், காற்று, ஆயில் நான்கையும் சரிசெய்து இரண்டு டேங்க் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் ஐம்பதைத் தாண்டவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. அடுத்து டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துத்தான். சத்தம் வருகிறது என்று காதால் கேட்டு டைட் செய்பவரிடம் கொடுக்காதீர்கள். இடைவெளி இல்லாத வால்வு முழுவதும் மூடாது, கம்ப்ரஷன் கசியும், வால்வு எரியும். மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறதா, சூடான பிறகும் ஐடிலிங் இறங்காமல் நிற்கிறதா என்று கவனித்து, ஸ்கேனர் மாட்டி வெப்ப சென்சாரின் அளவைப் படிக்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் சுத்தம் செய்வது இதற்கெல்லாம் பிறகு.

இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்து, எண்ணைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். புத்தகத்தில் உள்ள அளவும் பக்கத்தில் இருக்கட்டும். எண் எழுதித் தராதவர் ஸ்பேனரைத் தொட வேண்டாம்.