ஏழு ஆட்டங்களின் சீசன் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். வர்ஜீனியாவின் லெக்சிங்டன் ஊரில் இருக்கும் வி.எம்.ஐ. ராணுவக் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி 2021 வசந்தத்தில் பட்டம் வென்றதைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். பாதியில் எழுந்து போய்விட்டேன். இரவு திரும்ப வந்துதான் முடித்தேன்.

என் மகன் வட கரோலினாவில் பள்ளியை முடித்து, வேறொரு மாநிலத்தில் மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். அங்கே அவன் லைன்மேன், முன்வரிசையில் நின்று எதிரணியோடு முட்டி மோதுபவன். மூன்று ஆண்டுகள் ஆடினான். நான்காம் ஆண்டு, 2020 ஜூலையில், ஒரு மின்னஞ்சல் வந்தது. கொரோனாவால் சீசன் ரத்து. வசந்தத்தில் ஆடலாம் என்றார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள். ஆடாத ஆண்டுக்குப் பதிலாக இன்னொரு ஆண்டு ஆடலாம் என்று விதி வந்தது. விளையாட்டு உதவித்தொகையே இல்லாத கல்லூரியில் இன்னொரு ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது? அவன் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டான்.

அவனுடைய ஆட்டக் காலணிகள் எங்கள் கார் கொட்டகையில் இருக்கின்றன. 2019 நவம்பரில் ஒட்டிய மண் இன்னும் அதன் முட்களுக்கு நடுவே இருக்கிறது. அவனும் கழுவவில்லை, என்னையும் கழுவ விடவில்லை.

நீங்கள் கொண்டாடும் அந்த அணி ஆடியது ஏழே ஆட்டங்கள். எதிரணிகளில் சில பாதியில் விலகின. அரைகுறையாக நடந்த ஒரு சீசனில் கிடைத்த பட்டத்தைப் பட்டம் என்று சொல்லலாமா? ஒன்றுமே கிடைக்காமல் போன ஆயிரக்கணக்கான பையன்களுக்கு முன்னால் அதைக் கொண்டாடுவது நியாயமா? கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கே. ஆர்.,
ஷார்லட்

அன்புள்ள கே. ஆர்.,

மன்னிப்புக் கேட்க இதில் ஒன்றுமில்லை. அந்தக் காலணிகளைப் பற்றி வாசித்த பிறகு இரண்டு நாள் எனக்கும் வேறு வேலை ஓடவில்லை.

நீங்கள் சொல்வதில் சரியானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வி.எம்.ஐ. ஆடும் லீக்கான சதர்ன் கான்ஃபரன்ஸில் அப்போது ஒன்பது அணிகள். ஓர் அணிக்கு எட்டு லீக் ஆட்டங்கள். வி.எம்.ஐ. ஆடியது ஏழு, வென்றது ஆறு. சாட்டனூகா போன்ற அணிகள் இடையிலேயே போதும் என்று நிறுத்திக்கொண்டன. தேசிய அளவிலும் வழக்கமாக 24 அணிகள் தேசியப் பட்டத்துக்காக மோதும் பிளே-ஆஃப் அந்த ஆண்டு 16 அணிகளாகச் சுருங்கியது. செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஆட்டம் பிப்ரவரிக் குளிரில் தொடங்கி, மே 16 அன்று டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் சாம் ஹூஸ்டன் அணி, சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை 23-21 என்று வென்றதோடு முடிந்தது. வி.எம்.ஐ. அதற்கு முன் கடைசியாக வென்ற 1977இன் பட்டத்தையும் 2021இன் பட்டத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நானும் வைக்கவில்லை.

ஆனால் நான் அந்தக் குறிப்பை எழுதியதற்குக் காரணம் பட்டம் அல்ல. அந்தப் பையன்களின் நான்கு ஆண்டு வெற்றிக் கணக்கான நான்கு எண்கள். குறிப்பில் அவற்றைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது என் தவறு. இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

2021 வசந்தத்தில் வி.எம்.ஐ.யில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர்கள் 2017 ஆகஸ்டில் உள்ளே வந்தவர்கள். அந்தக் கல்லூரியில் சேர்வது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1839இல் தொடங்கப்பட்ட ராணுவக் கல்லூரி. அப்போது மாணவர் எண்ணிக்கை சுமார் 1,700. எல்லோரும் சீருடையில், ஒரே பாசறைக் கட்டடத்தில். முதலாண்டு மாணவனுக்கு அங்கே பெயர் ‘எலி’. தலையை ஒட்ட வெட்டி, தாடையை உள்ளிழுத்து விறைத்து நடந்து, மூத்தவர்களின் அதட்டலுக்கு நடுவேதான் பல மாதங்கள் ஓடும். ஃபுட்பால் வீரனும் எலிதான்.

அப்படி வந்த பையன்கள் முதலாண்டில் ஆடிய 11 ஆட்டங்களில் 11இலும் அணி தோற்றது. இரண்டாம் ஆண்டு 11இல் ஒன்றே ஒன்றை வென்றது. 22 ஆட்டங்களுக்கு ஒரு வெற்றி! மூன்றாம் ஆண்டு, 2019இல், ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. பல ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டே இருந்த பரம எதிரியை, தென் கரோலினாவின் ராணுவக் கல்லூரியான சிட்டடெலை, அந்த ஆண்டுதான் வென்றார்கள். பயிற்சியாளர் ஸ்காட் வாக்கன்ஹைம் 2015 சீசனிலிருந்து கட்டி வந்த அணி அப்போதுதான் கால் ஊன்றியது. அடுத்த ஆண்டு நம் ஆண்டு என்று அந்தப் பையன்கள் நினைத்திருப்பார்கள், நினைக்காமல் எப்படி இருக்க முடியும்? அந்த அடுத்த ஆண்டு 2020.

இலையுதிர் காலம் போனது. அவர்களுக்கும் உங்கள் மகனைப் போலவே ஒன்றுமில்லாமல் போயிருக்க வேண்டியது.

அந்த ஆண்டில் ஆடிய எவருக்கும் ஓர் ஆண்டு கூடுதலாக ஆடும் உரிமையைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ கொடுத்தது அல்லவா? வி.எம்.ஐ.யில் அதற்குப் பெரிதாகப் பயனில்லை. அங்கே பட்டமேற்படிப்பு கிடையாது. நான்கு ஆண்டு முடிந்தால் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பலர் நேராகப் படையில் அதிகாரியாகச் சேர்ந்துவிடுவார்கள். மற்ற கல்லூரிகளின் நான்காம் ஆண்டு வீரன், ‘சரி, இன்னொரு ஆண்டு பார்க்கலாம்’ என்று சொல்ல முடிந்தது. இவர்கள் அந்தக் கல்லூரியின் சட்டையோடு ஆட அந்த வசந்தம்தான் இருந்தது. உங்கள் மகனை உதவித்தொகை இல்லாத கட்டணம் வெளியே தள்ளியது. இவர்களைக் கல்லூரியின் அமைப்பே தள்ளியிருக்கும். இரண்டும் வேறு வேறு சுவர்கள், ஆனால் மோதினால் வலி ஒன்றுதான்.

ஆகவே அந்த ஏழு ஆட்டங்களை நான் அரைகுறையாகப் பார்க்கவில்லை. அந்தப் பையன்களுக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான், அதை முழுதாக ஆடினார்கள். நடுவில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் முதன்மைக் குவார்ட்டர்பேக்கின் முழங்கால் தசைநார் அறுந்தது. மாற்று வீரனை வைத்துத் தொடர்ந்தார்கள். ஏப்ரல் 17 அன்று சொந்த மைதானத்தில் சிட்டடெலை 31-17 என்று வென்று பட்டத்தை உறுதி செய்தார்கள். இந்த இரு கல்லூரிகளும் மோதும்போது கொடுக்கப்படும் கோப்பை, இரண்டு கல்லூரி மாணவர்களும் அணிவகுப்பில் அணியும் உயரமான தொப்பியின் வெள்ளி வடிவம். முதலாண்டில் ஒரு வெற்றியும் காணாத பையன்கள் அந்த வெள்ளித் தொப்பியைத் தங்கள் ஊரிலேயே தூக்கினார்கள். 1981க்குப் பிறகு அந்தக் கல்லூரி தோல்வியை விட அதிக வெற்றி பெற்ற முதல் சீசன் அது. அடுத்த வாரம், வரலாற்றிலேயே முதல் முறையாக பிளே-ஆஃபில், தங்களைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பெரிய ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தோடு மோதி 31-24 என்று தோற்றார்கள். ஏழு புள்ளிகள். அதோடு நான்காம் ஆண்டினருக்கு எல்லாம் முடிந்தது.

அந்தக் கல்வியாண்டில் அந்த வளாகத்தில் நடந்ததெல்லாம் ஃபுட்பால் மட்டும் அல்ல என்பதையும் நான் மறக்கவில்லை. கறுப்பின மாணவர்கள் அங்கே பட்ட அவமானங்கள் 2020 அக்டோபரில் வெளிவந்தன. விசாரணைக்கு உத்தரவிட்ட ஆளுநர் ரால்ஃப் நார்தம், 1981இல் அதே கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறியவர். டிசம்பரில், பாசறைக்கு முன்னால் நின்றிருந்த, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்தரப்பின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் சிலை பெயர்த்து எடுக்கப்பட்டது. கல்லூரித் தலைமைக்கு முதல் முறையாக ஒரு கறுப்பினத்தவர், செட்ரிக் வின்ஸ், வந்தார். அந்தச் சிலை நின்ற இடத்தைத் தாண்டித்தான் கறுப்பின வீரர்களும் வெள்ளையின வீரர்களும் அந்த வசந்தத்தில் பயிற்சிக்குப் போனார்கள். இது தனியாக எழுத வேண்டிய விஷயம், எழுதுவேன்.

இனி உங்கள் மகனின் கல்லூரி. அவர்கள் ரத்து செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். மின்னஞ்சலில் சொன்னதைக் குறை சொல்வேன். மூன்று ஆண்டு உடம்பைக் கொடுத்த பையனுக்குப் பயிற்சியாளர் தொலைபேசியில் பேசியிருக்க வேண்டும்.

ஏன் ரத்து செய்ய வேண்டியிருந்தது என்பது லைன்மேனின் தந்தைக்குத் தெரியாமல் இருக்காது. கூடைப்பந்தில் ஏழெட்டுப் பேர் நலமாக இருந்தால் ஆட்டத்தை நடத்திவிடலாம். ஃபுட்பாலுக்கு அது முடியாது. தாக்குதலுக்கு ஓர் அணி, தடுப்புக்கு ஓர் அணி, உதைக்கும் நேரத்துக்கு ஓர் அணி. சிறு கல்லூரியிலும் நூறு பேர் வரை திரள்வார்கள். லைன்மேன்கள் எல்லோரும் ஒரே அறையில், ஒரே பயிற்சியாளரோடு, தோளோடு தோள் உட்கார்ந்து எதிரணியின் வீடியோ பார்ப்பவர்கள். அந்த அறையில் ஒருவனுக்குத் தொற்று என்றால் அடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் இரண்டு வாரம் தனிமையில். மறுநாள் ஆட்டத்துக்கு லைனே இல்லை. நூற்று முப்பது கிலோ ஆட்கள் மோதிக்கொள்ளும் இடத்தில் மெலிந்த ஓட்டக்காரப் பையனை நிறுத்தினால் அவன் கழுத்து முறியும். அதனால்தான் பஸ் ஏறுவதற்குச் சற்று முன் வரை ஆட்டம் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. வாரா வாரம் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதிக்கும் செலவை ஏற்கப் பல மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளுக்கு வழி இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பென்சில்வேனியாவில் கலிபோர்னியா என்றே பெயர் கொண்ட ஊரில் ஒரு சிறு பல்கலைக்கழகம். அதன் லீக் 2020 இலையுதிர் சீசனை முன்பே ரத்து செய்துவிட்டது. ஆனாலும் அந்த அணியின் தடுப்பு லைன்மேன் ஒருவர் செப்டம்பரில் கோவிட் தந்த சிக்கலால் இறந்தார். வயது 20. உங்கள் மகன் நின்ற அதே வரிசையில் நிற்பவர், அவனைப் போலவே நான்காம் ஆண்டு. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, ரத்து செய்தவர்களைக் கோழைகள் என்று யாராவது சொன்னால் என்னால் பொறுக்க முடிவதில்லை.

சில கல்லூரிகளில் இழப்பு ஓர் ஆண்டோடு நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் ஆக்சிடென்டல் கல்லூரி 1894இலிருந்து ஃபுட்பால் ஆடி வந்தது. பின்னாளில் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளரான ஜாக் கெம்ப் அங்கே குவார்ட்டர்பேக்காக இருந்தவர். ஏற்கெனவே ஆள் குறைந்து தடுமாறிக்கொண்டிருந்த அந்த அணியை 2020 அக்டோபரில் கல்லூரி கலைத்தே விட்டது. இல்லினாயின் மக்மரே கல்லூரிக்கு அணி மட்டும் போகவில்லை, கல்லூரியே போனது. 1846இல் பிறந்தது 2020 மே மாதத்தோடு மூடப்பட்டது. அங்கே ஆடியவர்களுக்குப் பழைய மாணவனாகத் திரும்பிப் போய் நிற்க ஒரு மைதானம்கூட இல்லை. பணக்கார ஐவி லீக் கல்லூரிகளும் ஆடவில்லைதான், ஆனால் அவை 2021 செப்டம்பரில் விட்ட இடத்திலிருந்து தொடங்கின.

இவ்வளவு பேர் இழந்திருக்கும்போது வென்றவர்களைக் கொண்டாடலாமா என்று கேட்கிறீர்கள். வி.எம்.ஐ. பையன்கள் ஆடியதால் உங்கள் மகனுக்கு ஓர் ஆட்டமும் குறையவில்லை. அவர்கள் ஆடாமல் இருந்திருந்தால் 2017இன் அந்த 11 தோல்விகளையும் சுமந்துகொண்டு வெளியேறும் இன்னொரு கூட்டம் கூடியிருக்கும், அவ்வளவே. அவர்களைப் பற்றி எழுதியதற்கு நான் வருந்தவில்லை. உங்கள் மகனைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் அவர்களை மட்டும் எழுதியதற்கு வருந்துகிறேன். உங்கள் கடிதம் வந்திராவிட்டால் எனக்கு அது தோன்றியிருக்காது.

காலணிகளைக் கழுவாதீர்கள். அவன் சொல்லும் வரை அவை அங்கேயே இருக்கட்டும். கார் கொட்டகையில் ஈரம் ஏறும், ஒரு காகிதத்தில் சுற்றி உயரமான தட்டில் வையுங்கள்.

முடிந்தால் அவனிடம் ஒன்று கேட்டு எனக்கு எழுதுங்கள். 2019 நவம்பரின் அந்தக் கடைசி ஆட்டத்தில், கடைசித் தடவையாக அவன் விரல்களைத் தரையில் ஊன்றிக் குனிந்தபோது எதிரில் நின்றவனின் சட்டை எண் என்ன? பந்தைத் தொடவே வாய்ப்பில்லாத லைன்மேன் நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பது எதிரில் நிற்கும் ஒருவனைத்தான். அவனுக்கு நினைவிருக்கும்.

அன்புடன்.