ஈப்போவில் ஒரு சனிக்கிழமை மாலை: தோட்டத்து வாசகருக்குப் பதில்

கேள்வி: சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். வயது 26. நான் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்பது வீட்டில் தெரியாது. என்னைப் போன்றவர்களைச் சந்திக்க ஈப்போவில் இரவு விடுதி உண்டா? போவது ஆபத்தா?

பதில்: பெயர்ப்பலகை மாட்டிய விடுதியைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் யோசனை. கோலாலம்பூரில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இடமாகப் பல ஆண்டுகள் நடந்துவந்த புளூ பாய் இரவு விடுதியிலேயே 2018 ஆகஸ்டில் அதிரடிச் சோதனை நடந்தது. ஈப்போ போன்ற உள்நாட்டு நகரங்களில் இந்த வாழ்க்கை விடுதியில் நடப்பதைவிட, நண்பர் ஒருவர் வழியாக இன்னும் இருவர் அறிமுகமாகி, மாமாக் கடை மேசையிலோ, பூப்பந்துத் திடலிலோ, யாரோ ஒருவரின் வாடகை வீட்டுப் பிறந்தநாளிலோதான் பெரும்பாலும் நடக்கிறது.

அந்த முதல் நண்பர் இன்று கைபேசிச் செயலி வழியாகவே கிடைக்கிறார். கவனமும் அங்கேதான் தேவை. இத்தகைய செயலிகள் பலவும் எதிரிலிருப்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று காட்டும். கோலாலம்பூரில் ‘400 மீட்டர்’ என்றால் ஆயிரம் பேரில் ஒருவர். உங்கள் தோட்டத்திலோ அடுத்த லயத்துக்காரர் விரல்விட்டு எண்ணிவிடுவார். (தோட்டத்தில் ஒரு செய்தி பரவ மாரியம்மன் திருவிழா ஒலிபெருக்கிகூடத் தேவையில்லை.) ஆகவே தொலைவு காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், கோயில் வளைவு, வேலையிடச் சீருடை, மோட்டார் சைக்கிளின் எண் ஆகியவை தெரியும் படங்களைப் போடாதீர்கள். சந்திப்பதற்கு முன் காணொலி அழைப்பில் முகம் பார்த்துப் பேசிவிட்டு, முதல் சந்திப்பை மாலை ஐந்து மணிக்கு, ஆள் நடமாட்டமுள்ள காப்பிக்கடையில் வையுங்கள். இரவில் முப்பது கிலோமீட்டர் வீடு திரும்ப வேண்டியிருப்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தண்டனைச் சட்டத்தின் 377பி செக்‌ஷன் இருபது ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. அது தண்டிப்பது உடலுறவுச் செயலை. நண்பரோடு உட்கார்ந்து தேத்தாரேக் குடிப்பதை அன்று. மாநில ஷரியா சட்டங்கள் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியவை என்பதால், சோதனை நடக்கும் இடத்தில் அடையாளக் கார்டைக் காட்டிவிட்டு நீங்கள் வெளியேறக்கூடும், உங்கள் மலாய் நண்பரால் முடியாமல் போகலாம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய ஆபத்தையும் சேர்த்து எண்ணுவது நட்புக்குரிய கடமை. கைது நேர்ந்தால், காரணத்தை அறியவும் வழக்கறிஞரைக் கலந்துபேசவும் கூட்டரசு அரசியலமைப்பின் 5(3) பிரிவு உரிமை தருகிறது.

எச்.ஐ.வி. பரிசோதனையை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் செய்துகொள்ளலாம், கோலாலம்பூரில் பி.டி. அறக்கட்டளையும் இத்துறையில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தரங்கப் படத்தை வாங்கிக்கொண்டு, ‘உங்கள் அப்பாவுக்கு அனுப்புவேன்’ என்று மிரட்டிப் பணம் கேட்பவர்கள் உண்டு. ஐம்பது ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள்; ஒருமுறை கொடுத்தால் அடுத்த வாரம் ஐந்நூறு கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது அதே தண்டனைச் சட்டத்தின் 384ஆம் செக்‌ஷனின் கீழ் குற்றம் என்றாலும், உங்கள் உறவு விவரங்களும் அந்த உரையாடலில் இருக்கும் என்பதால், காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாமல் முதலில் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, எதை எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொண்டு புகார் கொடுங்கள்.