ஏமாந்தது வாங்கியவர் தப்பா?

கேள்வி: விளம்பரத்தில் நடிகர் சொன்னார் என்று ஒரு பொருளை வாங்கிவிட்டு, அப்புறம் ஏமாந்துவிட்டேன் என்று புலம்புவது வாங்கியவரின் முட்டாள்தனம்தானே? இதற்கெல்லாம் அரசு சட்டம் போட்டுக் கண்காணிக்க வேண்டுமா? மக்களுக்கு விழிப்புணர்வு இருந்தால் போதாதா?

பதில்: போதாது. சேலையில் கிழிசல் இருந்தால் கடையிலேயே விரித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு விழிப்புணர்வு உதவும். 'உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்று ஒரு பற்பசை விளம்பரம் சொன்னால், வாங்குகிறவர் அதை எங்கே போய்ச் சரிபார்ப்பார்? சென்சோடைன் விளம்பரத்தில் வந்த வாசகம் அது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆதாரம் கேட்டது. நிறுவனம் காட்டியது இந்தியப் பல் மருத்துவர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பு. 'உலகெங்கும்' என்ற சொல்லுக்கு அது போதவில்லை. 2022இல் 10 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. அந்தக் காகிதங்களைக் கொண்டுவா என்று கேட்கும் அதிகாரம் உங்களுக்கும் எனக்கும் கிடையாது, அரசு அமைப்புக்குத்தான் உண்டு. உண்மை விற்பவரின் பெட்டிக்குள் பூட்டியிருக்கும்போது, வாங்கியவரை முட்டாள் என்பது அநியாயம்.

நடிகரைக் கேட்டிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை எந்த விளம்பரத்திலும் தோன்றக் கூடாது என்று தடுக்கலாம். அடுத்த முறை மூன்றாண்டு வரை. சிறைத் தண்டனை மட்டும் தயாரிப்பாளருக்கும் சேவை தருகிறவருக்கும்தான். தீர விசாரித்த பிறகுதான் நடித்தேன் என்று காட்ட முடிந்தால் நடிகர் தப்பலாம். அது நியாயமான விதிதான். பெரிய நட்சத்திரங்களுக்கு அபராதம் உறைக்காது, தடைதான் உறைக்கும். அந்தத் தடையைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

விழிப்புணர்வை எப்படித் தோற்கடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால், ஏதாவது ஒரு தமிழ் விளம்பரத்தின் அடிவரியைப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் தமிழில் வாக்குறுதி. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே எறும்பு ஊர்வதுபோல் ஆங்கிலத்தில் நிபந்தனைகள். தொலைக்காட்சி என்றால் அது வாசிப்பதற்குள் மறைந்துவிடும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு வாக்குறுதி கிடைக்கிறது, நிபந்தனை கிடைப்பதில்லை. 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகத் தடுக்கின்றன: வாக்குறுதி எந்த மொழியிலோ நிபந்தனையும் அந்த மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். விதி வந்தும் விளம்பரங்கள் அப்படியே வருவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பயிற்சி மையங்களின் விளம்பரங்கள் இன்னும் மோசம். குடிமைப் பணித் தேர்வு முடிவு வந்ததும் ஒரே முகம் பல மையங்களின் விளம்பரத்தில் சிரிக்கும். விசாரித்தால், அந்த மாணவர் பல இடங்களில் படித்தது இலவச நேர்முகத் தேர்வுப் பயிற்சி மட்டுமாக இருக்கும். முதல்நிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் அவர் தன் முயற்சியில் தாண்டியிருப்பார். அதை மறைத்துவிட்டு, முழுப் படிப்புக்குப் பெற்றோரிடம் கட்டணம் வாங்குகிறார்கள். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சட்டத்தின் கண்ணில் தவறாக வழிநடத்துவதுதான். 2024 நவம்பரில் இதற்கென்றே தனி நெறிமுறைகள் வந்தன. மாணவர் என்ன பாடம், எத்தனை காலம் படித்தார் என்று சொல்லியாக வேண்டும். அவர் படத்தைப் போட, தேர்ச்சி பெற்ற பிறகு எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும்.

சரி, சட்டம் இருக்கிறது. குறை எங்கே? ஆணையத்தின் உத்தரவு வருவதற்குள் விளம்பரம் ஓடி முடிந்து, சரக்கும் விற்றுவிடுகிறது. அபராதம் அரசுக் கணக்குக்குப் போகிறது. பொய்யைப் பார்த்தவர்கள் கண்ணில் உண்மை படுவதே இல்லை. பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனத்தின் தவறான விளம்பரங்கள் பற்றிய வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி அதனால்தான் எனக்குப் பிடித்தது: நாளிதழ்களில் நீங்கள் போட்ட மன்னிப்பு, வழக்கமாக நீங்கள் போடும் விளம்பரத்தின் அளவில் இருந்ததா? அதன் பிறகுதான் பெரிய அளவில் மன்னிப்பு வெளிவந்தது. பொய் சொன்ன அதே அளவில், அதே இடத்தில், சொந்தச் செலவில் திருத்தம் போட வைப்பது ஒவ்வொரு வழக்கிலும் வழக்கமாகிவிட வேண்டும்.

அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 39ஆம் பிரிவின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதாவது நுகர்வோர் நீதிமன்றம், திருத்த விளம்பரம் வெளியிடச் சொல்லி உத்தரவிடலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிடுங்கள். விளம்பரத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். மனு எழுதும்போது பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு நிறுத்தாமல், திருத்த விளம்பரமும் வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள்.