ஜப்பானிய மடிப்புத் திரைகளில், அதாவது அறையில் மடித்து நிறுத்தும் ஓவியத் தடுப்புகளில், டிராகன் மிரட்டுகிறது. புலி மட்டும் ஏன் பூனை மாதிரி இருக்கிறது?

வரைந்தவர்கள் புலியைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஜப்பானில் புலி கிடையாது. கடல் தாண்டி வந்த சீன ஓவியங்களும் புலித்தோல்களும்தான் ஆதாரம். மீதிக்கு வீட்டுப் பூனை. அதனால்தான் பல பழைய புலிகளுக்குக் கண்மணி செங்குத்துக் கீற்றாக இருக்கும். அசல் புலிக்கு அது வட்டம். சிறுத்தையைப் பெண்புலி என்று நம்பி ஜோடி சேர்த்து வரைந்தவர்களும் உண்டு.

ஆக, அவர்களுக்கு டிராகனும் புலியும் ஒன்றுதான், இரண்டும் கண்ணில் படாத விலங்கு. டிராகனில் தப்பு கண்டுபிடிக்க ஆளில்லை, புலியில் நாம் பிடித்துவிடுகிறோம்!

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. டிராகன் எழுந்தால் மேகம் திரளும், புலி உறுமினால் காற்று வீசும் என்பது பழைய சீன நம்பிக்கை. அதனால் ஜோடியாக நிறுத்தும் திரைகளில் வலப்பக்கத் திரையில் மேகத்துக்குள் டிராகன், இடப்பக்கத் திரையில் மூங்கிலோடு புலி. அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கும், ஜப்பானிய ஓவியர் செஸ்ஸோனின் 16ஆம் நூற்றாண்டு ஜோடி இந்த வகைதான். மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். காற்றுக்குள் எப்படி ஒளிவது? பாவம், புலி முழுசாக மாட்டிக்கொள்கிறது.

ஒளித்து வைப்பதில் கில்லாடி சோத்தாட்சு என்ற இன்னொரு ஜப்பானிய ஓவியர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வரைந்த ஜோடித் திரைகள் வாஷிங்டனில் ஃப்ரீயர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆறு மடிப்பு. புலியே இல்லை. அலைகளுக்கு மேல் இரண்டு டிராகன்கள் எதிரும் புதிருமாக. ஈரம் காயாத மசியின் மேல் இன்னும் கொஞ்சம் மசியைச் சொட்டவிட்டு, அது தானாகப் பரவட்டும் என்று விட்டுவிடுவார்; ‘தராஷிகொமி’ என்று பெயர். சுற்றிலும் மேகம் கருத்துக் கிடக்க, டிராகனின் உடம்பு வெளிறித் தெரிகிறது. பாதிக்கு மேல் நாமேதான் வரைந்துகொள்கிறோம்.

இதைக் கணினித் திரையில் தட்டையாகப் பார்த்தால் பிடிபடாது. நான் தாளில் அச்சடித்து, விசிறி மாதிரி மடித்து மேசையில் நிறுத்தினேன். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் உடம்பில் ஒரு துண்டு மடிப்புக்குள் போகிறது, இன்னொன்று வெளியே வருகிறது. டிராகன் நெளிகிறது!

செஸ்ஸோனின் புலியையும் அப்படியே மடித்து வைத்தேன். அது அசையாமல் உட்கார்ந்திருந்தது, பூனையாகவே.